இருமொழிப் படப்புத்தகத்தோடு பள்ளிக்கும் நூலகத்துக்கும் போகிறீர்களா? எந்த மொழியில் கதை சொல்வது?

கேள்வி: தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ஒரு சிறுவர் படப்புத்தகம் எழுதியிருக்கிறேன். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போய்க் கதை சொல்ல ஆசை. எந்த மொழியில் சொல்ல வேண்டும்? இதில் வருமானம் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

புத்தகத்தில் இரண்டு மொழி இருக்கும். ஆனால் வகுப்பறையில் நீங்கள் மூன்று மொழியைக் கட்டி மேய்க்க வேண்டும்: ஆங்கிலம், எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ். இது தெரியாமல்தான் நான் முதல் பள்ளிக்குப் போனேன்.

லால்குடி பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி, இரண்டாம் வகுப்பு. என் கதையில் ஒரு தாத்தா வாய்க்கால் வரப்பில் நடந்து போவார். "தாத்தாவின் தோளில் ஒரு தும்பி வந்து அமர்ந்தது" என்று நல்ல உச்சரிப்போடு படித்தேன். யாரும் அசையவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, தும்பின்னா யானையா? தோள்ல எப்படி உக்காரும்?" அவனுக்குத் தும்பிக்கை ஞாபகம். பக்கத்தில் இருந்த பெண் படத்தைக் காட்டி, "ஐய, அது தட்டான்டா!" என்றாள். (அகராதியில் தும்பிக்கு யானை என்றும் ஒரு பொருள் உண்டு. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பையன் சொன்னதும் சரிதான்.)

திருச்சியிலேயே ஆங்கில வழித் தனியார் பள்ளி ஒன்றில் அதே புத்தகம். ஆங்கில வரியைப் பிள்ளைகள் கடகடவென்று படித்தார்கள். கீழே இருந்த தமிழ் வரியில் "நடந்துகொண்டிருந்தார்" என்ற சொல்லில் வண்டி நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கமே மறந்துபோனது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, "தாத்தா நடந்து போயிட்டே இருக்காரு, வாய்க்கால்ல கைய விடுறாரு, என்னமோ நறுக்குன்னு கடிக்குது" என்றதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர்களுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், அச்சில் வரும் தமிழோடுதான் பழக்கமில்லை. அந்தப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே, "தமிழ்ப் பக்கம் வேண்டாமே மேடம், இங்கிலீஷ் மட்டும் படிச்சிருங்க" என்று சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன், கேட்கவில்லை.

அரசுப் பள்ளியில் சிக்கல் தலைகீழ். ஆங்கில வரியையும் அவர்கள் படம் மாதிரியே பார்ப்பார்கள். கதையில் வரும் நண்டுக்கு ஆங்கிலத்தில் "கிராப்" என்றேன். "முடி வெட்டிக்கிறதா அக்கா?" என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு நான் அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்துகிறேன். நண்டின் கொடுக்கைக் கத்தரிக்கோல் மாதிரி காட்டி ஒருவன் தலையில் வைத்தால் போதும், அந்தச் சொல்லை அவர்கள் மறப்பதில்லை.

"அப்படியானால் முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே எழுதலாமே" என்பீர்கள். எந்த ஊர்ப் பேச்சு? திருச்சிப் பிள்ளைக்கு எழுதினால் நாகர்கோவில் பிள்ளை தடுமாறும். தவிர, அச்சுத் தமிழைப் பழக்க இந்த வயதை விட்டால் வேறு வயது இல்லை. நான் கண்டுபிடித்த வழி இது: உரையாடலைப் பேச்சில் வைக்கிறேன். விவரிப்புக்கு, எழுத்திலும் பேச்சிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும் வாக்கியங்களைத் தேடுகிறேன். "இது யார் வீடு?", "நண்டு எங்கே?", "வா, வா, இங்கே பார்!" மாதிரி. வினைமுற்று வந்தால்தானே இரண்டு தமிழும் பிரிகிறது? ஓடியது, ஓடிச்சு, ஓடுச்சு. வினைமுற்றைக் குறைத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

இன்னொரு சங்கதி, எழுதும்போதே கவனிக்க வேண்டியது. படப்புத்தகத்தின் உயிர் பக்கத்தைப் புரட்டும் இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் செயப்படுபொருள் கடைசியில் வரும். தாத்தா பிடித்தார் என்பதுவரை சொல்லி நிறுத்தி, அடுத்த பக்கத்தில் நண்டைக் காட்டலாம். அதையே தமிழில் "தாத்தா ஒரு பெரிய நண்டைப் பிடித்தார்" என்று எழுதினால், பக்கத்தைப் புரட்டும் முன்பே நண்டு வெளியே வந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது பிடித்தார் மட்டும்தான். என் முதல் பதிப்பில் இந்தத் தப்பு அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்ட பிள்ளைகள் "ஓ!" என்றார்கள். தமிழில் கேட்டவர்கள் அடுத்த பக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த நண்டைப் பார்த்தார்கள். அடுத்த பதிப்பில் "தாத்தா தூக்கிப் பிடித்தது..." என்று நிறுத்தி, புரட்டினால் "நண்டு!" என்று மாற்றினேன். ஒரு வரியைத் திருத்த இரண்டு வருடமும் இருபது பள்ளியும் தேவைப்பட்டன. ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டுத் தமிழைப் பெயர்ப்பவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படாது. தமிழைத் தனிக் கதையாகவே எழுதுங்கள். படம் மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

பள்ளிக்குப் போகும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வெயிலில், 400 பிள்ளைகள் முன்னால் மைக்கில் கதை சொல்லச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். ஐந்தாவது வரிசைக்கு மேல் படம் தெரியாது, படம் தெரியாவிட்டால் அது சொற்பொழிவு. 40 பேர், ஒரே வகுப்பு, தரையில் அரைவட்டமாக உட்கார வைத்தால் போதும்.

நூலகங்கள் எனக்குப் பள்ளியைவிடப் பிடிக்கும். அங்கே வருகைப் பதிவும் மணியும் கிடையாது. பிடிக்காத பிள்ளை எழுந்து போய்விடும், அதைவிட நேர்மையான விமர்சனம் உங்களுக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் மாநிலச் சட்டம். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதனால் கூச்சப்படாமல் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போய்க் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வாசகர் வட்டம் இருந்தால் அவர்களே பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடுவார்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவை ஒரு தடவை பாருங்கள். நடுவில் பெரிய செயற்கை மரம் நிற்கும். பிள்ளைகளுக்கு நூலகத்தில் என்ன வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த ஏழு நாளில் எனக்கு வரும் அழைப்பு மீதி வருடத்தில் வருவதைவிட அதிகம். முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

வருமானம் கேட்டீர்கள். என் கணக்கையே சொல்கிறேன். புத்தக விலை 90 ரூபாய். உரிமைத்தொகை (ராயல்டி) 10 சதவீதம், அதில் பாதி ஓவியருக்கு. எனக்கு ஒரு பிரதிக்கு 4 ரூபாய் 50 காசு. ஆயிரம் பிரதி விற்றால் 4,500 ரூபாய். பள்ளிகளில் பெரும்பாலும் பொன்னாடைதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் பதினேழு பொன்னாடை இருக்கிறது, அம்மா ஒன்றைத் தையல் இயந்திரத்துக்கு உறையாகப் போட்டிருக்கிறார். ஒரு பள்ளி 60 பிரதி வாங்கிக்கொண்டது, இன்றுவரை பணம் வரவில்லை. பிறகு புத்தி வந்து, போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு தொகையும் தனியார் பள்ளிகளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். அரசுப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கேட்பதில்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே வங்கியில் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார். உங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள்.

போன ஆண்டு ஒரு கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. "கிழிச்சுட்டா நான்தாம்மா பதில் சொல்லணும்" என்றார் நூலகர். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. கதை முடிந்ததும் ஒரு சிறுமி பீரோவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே இருந்த என் புத்தகத்தைப் பார்த்து, "அந்த நண்டு உள்ளயே கிடக்குது பாரு" என்று தம்பியிடம் சொன்னாள். நூலகர் என்னைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்து சாவியைத் தேட ஆரம்பித்தார். கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தச் சிறுமி அதுவரை நகரவில்லை.