மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. டயாலிசிஸ் சேரலாமா, எதை வைத்து முடிவு செய்வது?

கேட்டவரின் தங்கை பிளஸ் டூவில் பயாலஜி எடுத்துத் தேறியிருக்கிறார். மதுரைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜிக்கு இடம் தருகிறார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, நூறு சதவீதம் வேலை என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். கட்டடத்தைப் பார்த்தது போதும். மாணவர்களைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அங்கே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) இருந்தது ஒரே ஒரு மிஷின். அதற்கும் பிளாஸ்டிக் உறை. இன்ஸ்பெக்‌ஷன் வரும் அன்று உறையைக் கழற்றித் துடைத்து வைப்போம். மூன்று வருடமும் சிறுநீரகத்தைப் பென்சிலால் அழகாக வரைந்து ரெக்கார்டு நோட்டில் நல்ல மார்க் வாங்கினேன். நான்காவது வருடம் இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பிய இடத்தில் பாதி நாள் ஓ.பி. சீட்டு எழுதினேன், மீதி நாள் வீல்சேர் தள்ளினேன். லாக் புக்கில் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்தது.

முதல் வேலையில் சேர்ந்த அன்று சீனியர் அக்கா, "தம்பி, நாலாம் பெட்டுக்கு பிரைம் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரைம் என்றால் நோயாளியை இணைக்கும் முன் குழாயிலும் டயலைசரிலும் (ரத்தத்தை வடிகட்டும் உருளை) உப்புநீரை ஓட்டிக் காற்றை வெளியேற்றுவது. டயலைசரில் எது சிவப்பு முனை, எது நீல முனை என்பது தெரியும். ஆனால் உள்ளே நிற்கும் காற்றுக் குமிழி போகவே இல்லை. உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த பெரியவர் ஒருவர் படுத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா தம்பி?" என்றார். அக்கா வந்து டயலைசரைத் தலைகீழாகத் திருப்பி உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினார். குமிழிகள் மளமளவென்று மேலேறிப் போய்விட்டன. அவ்வளவுதான் வித்தை. நான்கு வருடத்தில் எனக்கு அதை யாரும் காட்டவில்லை.

ஊசி போடுவதும் அப்படித்தான். போடுவதற்கு முன் நோயாளியின் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம்) மேல் இரண்டு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி அதிரும். நிறையப் பேர் கையைத் தொட்டுப் பழகினால்தான், இவருக்கு இன்றைக்கு அதிர்வு குறைச்சலாக இருக்கிறதே, டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று விரலுக்கே தெரியும்.

சரி, அந்தக் காலைப்பொழுதில் என்ன பார்ப்பது? முதல் ஷிஃப்ட் தொடங்கும்போதே போய்விடுங்கள். நோயாளியோடு வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். எத்தனை மிஷின், எத்தனை மாணவர்கள் என்று எண்ணுங்கள். ஆறு மிஷினுக்கு இருபது பேர் என்றால் பதினான்கு பேர் நோட்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம்தான் நிற்பார்கள். கடைசி வருடப் பிள்ளைகளை வெளியே டீக்கடையில் பிடித்து, தனியாக எத்தனை முறை பிரைம் பண்ணியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கல்லூரிக்காரர்களே கூட்டிவந்து காட்டும் மாணவரிடம் கேட்டுப் பயனில்லை.

டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ரூமுக்குள் போயிருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி என்று ஓடினால் நான்கு மணி நேர டயாலிசிஸுக்கு 120 லிட்டர் தண்ணீர் ஆகிறது. அதில் குளோரமின் (குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் சேர்மம்) தங்கிவிட்டால் நோயாளியின் சிவப்பணு உடைந்துபோகும். அந்தத் தண்ணீரைச் சோதிக்கத் தெரியாதவர் கையில் ஒரு யூனிட்டை எப்படி விடுவது? அப்புறம் தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். வார்டுக்கு அனுப்புவதற்கு முன்பே அதைப் போட்டுவிடும் கல்லூரி என்றால் எனக்கு அதன்மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும். "அதெல்லாம் அவங்களே போட்டுக்குவாங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுவேன்.

காகித விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு என்றால், கல்லூரிக்கு இணைப்பு இருக்கிறதா என்பதோடு நிற்காமல், இந்தப் படிப்புக்கு இந்த வருடம் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே பாருங்கள். 2021-ல் இந்தத் துறைக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. டெக்னீஷியன் மாதிரியான அலைடு ஹெல்த் (மருத்துவத் துணை) வேலைக்கு அது சொல்லும் குறைந்தபட்சப் படிப்பு நேரம் 2000 மணி. எட்டு மணி நேரமாக வகுத்தால் வெறும் 250 நாள்தான். அவர்கள் டைம்டேபிளை வாங்கி நீங்களே கூட்டிப் பாருங்கள். இரண்டு மணிக்கே காலேஜ் பஸ் கிளம்பிவிடும் இடத்தில் கணக்கு உதைக்கும்.

இந்த மாதிரிப் படிப்பைக் கையால்தான் படிக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம். கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் நோயாளிகளுக்கு நடுவிலேயே வைத்துப் பழக்குகிறார்கள். கண் பரிசோதனையில் அவர்கள் கை வேகத்தைப் பார்த்தால் என் ரெக்கார்டு நோட்டை நினைத்து வெட்கமாக இருக்கும்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் வருவதால் சின்ன ஊர்களில்கூட யூனிட் திறந்துவிட்டார்கள். ஆரம்பச் சம்பளம்தான் வயிற்றெரிச்சல். அதனால் நூறு சதவீதம் என்ற பேச்சை விட்டுவிட்டு, போன வருடம் முடித்தவர்கள் எந்தெந்த யூனிட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கி, இரண்டு இடத்துக்குப் போன் போடுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

அட்வான்ஸ் கட்டுவதாக இருந்தால் நான்காவது வருட இன்டர்ன்ஷிப்புக்கும் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு அது கடைசி வருடம்தான் தெரிந்தது, அப்பா ஆடு விற்றுக் கட்டினார். சீட்டைப் பிடித்து வைக்கிறோம் என்று டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் தங்கச்சியின் பீரோவிலேயே இருக்கட்டும்.