தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றத்தை அமர்வுகளாகப் பிரித்தால் தாமதம் குறையுமா?

ஓரளவு குறையும். 2013 வரை அங்கே சாசன வழக்குகள் மட்டுமே போயின. சாசனத்தின் 17-வது திருத்தத்துக்குப் பிறகு, பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி எழும் எந்த வழக்கும் போகலாம். மனுக்கள் குவிந்துவிட்டன, நீதிபதிகளோ அதே 11 பேர்தான். ஒரு வழக்கைக் குறைந்தது 8 பேர் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறது சாசனத்தின் 167-வது பிரிவு.

இந்திய உச்ச நீதிமன்றம் மாதிரி இரண்டு, மூன்று பேராக உட்காரலாமே என்கிறார்கள். மேல்முறையீட்டு அனுமதி மனுக்களை வடிகட்ட அது சரி. விசாரணைக்கு எனக்குச் சம்மதமில்லை. டர்பன் பள்ளியில் படித்த தமிழ் மாணவியின் மூக்குத்தி வழக்கு 2007-ல் அங்கேதான் முடிந்தது. பள்ளியின் தடை நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. நம் போன்ற சிறுபான்மையினரின் வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்து அமையக்கூடாது.

எப்படியும் இதற்குச் சாசனத் திருத்தம் வேண்டும். தேசிய சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை.