ஜன்னல் இல்லாத சமையலறை: அந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: சென்னை பெரம்பூரில், கட்டி 14 ஆண்டுகள் ஆன அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்துவிட்டோம். பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் பக்கம். ஆனால் 8 அடிக்கு 7 அடி உள்ள சமையலறையில் ஜன்னலே இல்லை. ஒரு பக்கம் ஹால், ஒரு பக்கம் படுக்கையறை, பின்பக்கம் குளியலறை. நான்காவது பக்கம் பாத்திரம் கழுவுவதற்கான சிறிய பால்கனி; அதற்கு ஒரு கதவு இருக்கிறது. இப்போதைய உரிமையாளர் அந்தப் பால்கனியை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து அடைத்து, வாஷிங் மெஷின் போட்டிருக்கிறார். “சிம்னி மாட்டினால் போதும்” என்கிறார் தரகர். என் மாமியாருக்கு ஆஸ்துமா. பகலில் சமைப்பவர் அவர்தான். முன்பணம் கொடுக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: இந்த வாரம் கொடுக்க வேண்டாம். அதற்காக வீட்டையே வேண்டாம் என்று இப்போதே ஒதுக்கிவிடவும் வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த நான்காவது பக்கம்தான் இந்த வீட்டின் தலையெழுத்து. சமையலறையின் ஏதாவது ஒரு சுவர் திறந்த வெளியைத் தொட்டால் ஜன்னல் இல்லாத குறையைத் தீர்த்துவிடலாம். எந்தச் சுவரும் தொடாவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் தீராது. உங்கள் வீடு முதல் வகையைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. கண்ணாடி போட்டு அதை இரண்டாம் வகையாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஜன்னலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று கேட்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது, எரிவாயுவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. சோறு வடிக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் எழும் ஆவி இதில் சேரவில்லை. வெளியே போக வழியில்லாவிட்டால் இந்த ஒன்றரைக் குடம் தண்ணீர் சுவரிலும் அலமாரியின் பின்பலகையிலும் போய் உட்காரும். கறுப்புப் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். தீச்சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடும் வருகிறது. அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. மிளகாய் வறுக்கும் நெடியும் தாளிப்புப் புகையும் அதோடு சேரும்போது ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த அறை தினமும் இரண்டு மணி நேரச் சோதனை. மாமியாரைப் பற்றிய அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் என் பதில் சற்றுத் தளர்வாக இருந்திருக்கும்.

நம் பழைய ஓட்டு வீடுகளில் அடுப்படி எவ்வளவு இருட்டாக இருந்தாலும் மேலே ஒரு புகைக்கூண்டு இருந்தது, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. பக்கத்தில் முற்றம் இருந்தது. அடுக்குமாடியில் தலைக்கு மேல் இன்னொருவர் வீடு. பக்கவாட்டைத் தவிர வேறு வழி இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சென்னையைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல் பரப்பு அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. சமையலறைக்கு அதைவிட 25 சதவீதம் கூடுதல். கதவு இந்தக் கணக்கில் சேராது. உங்கள் 56 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 சதுர அடி, அதாவது 4 அடிக்கு 3 அடியில் ஒரு ஜன்னல்.

இனி தரகர் சொன்ன சிம்னிக்கு வருவோம். சிம்னியில் இரண்டு வகை உண்டு. ஒன்று குழாய் வழியாகப் புகையை வெளியேற்றுவது. மற்றொன்று கரித்தூள் வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து, அதே அறைக்குள் திருப்பி விடுவது. இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாசனையை ஓரளவு குறைக்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் கார்பன் மோனாக்சைடையும் ஒன்றும் செய்யாது. வெளிச்சுவர் இல்லாத வீடுகளில் இதைத்தான் தலையில் கட்டுவார்கள். உங்கள் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

குழாய் வைத்த சிம்னி நல்ல சாதனம்தான். ஆனால் பெட்டியில் மணிக்கு 1,000, 1,200 கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது. குழாய் நீளமானால், வளைவு கூடினால் அந்த இழுவை குறைந்துகொண்டே போகும். இன்னொன்று, வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். உங்கள் சமையலறையின் மொத்தக் கொள்ளளவே 16 கன மீட்டர்தான். கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சிம்னியை ஓட்டினால் அது எங்கிருந்து காற்றை இழுக்கும்? குளியலறைக் கதவின் அடியிலிருந்து. சமைக்கும் நேரத்தில் மட்டும் சாக்கடை வாடை வருகிறது என்று குழாய்ப் பணியாளரை மாற்றி மாற்றி அழைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வாடைக்குக் காரணம் இதுவாகத்தான் இருந்தது. ஹாலில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்ததும் நின்றுவிட்டது.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது எரிவாயுக் கசிவு. சிலிண்டரில் இருக்கும் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அந்த நேரத்தில் எந்த மின்விசையையும் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது, ஒரு சிறு பொறி போதும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் மின்விசிறியையும் சிம்னியையும் மட்டுமே நம்பியிருக்கும் சமையலறையில், காற்று மிக அவசரமாகத் தேவைப்படும் அந்தக் கணத்தில், காற்றுக்கான விசையைத் தொடவே முடியாது. ஜன்னலுக்கு விசை கிடையாது. மின்வெட்டும் அதைப் பாதிக்காது. அதனால்தான் சிம்னியை ஜன்னலுக்குத் துணையாக மட்டுமே ஏற்கிறேன், மாற்றாக ஏற்பதில்லை. (கசிவு நேர்ந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். மாமியாரின் கைப்பேசியிலும் அதைப் பதிந்து வையுங்கள்.)

இப்போது அந்தப் பால்கனி. முதலில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ மாநகராட்சியோ முத்திரையிட்ட வரைபடம் வேண்டும்; கட்டுநர் விளம்பரத்துக்கு அச்சிட்ட வண்ணப்படம் பயன்படாது. அதில் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே ஜன்னல் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறித்திருந்தால், யாரோ அலமாரி மாட்டுவதற்காக அதைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழையபடி திறப்பது எளிது. வரைபடத்தில் சமையலறை வேறு இடத்தில் இருந்து, இப்போது அடுப்பு இருக்கும் இடம் பொருள் வைக்கும் அறை என்று போட்டிருந்தால் விலகிவிடுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளரும் வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்.

வரைபடத்தில் ஜன்னல் இல்லாமல் வெறும் சுவர் என்றால் அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்துக் கட்டியதென்றால், மேலே லிண்டல் (திறப்புக்கு மேலே உள்ள சுவரைத் தாங்கும் குறுக்கு விட்டம்) கொடுத்து ஜன்னல் திறக்கலாம். அந்த வயதுக் கட்டடத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அண்மைக் காலத்து உயரமான குடியிருப்புகள் பலவற்றில் அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்களே கட்டடத்தைத் தாங்குகின்றன. அவற்றில் கை வைக்கவே கூடாது. எதுவானாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்த பிறகே உளி தொட வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் வேண்டும்.

பால்கனி எதைப் பார்த்து இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்து மனை காலியாக இருந்தால் கூடுதலாக யோசியுங்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, நீண்டகால அனுபவத்தைக் காட்டி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோர 20 ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு 14தான் ஆகிறது. ஆகவே உங்கள் எல்லைக்குள்ளேயே எத்தனை அடி இடம் விடப்பட்டிருக்கிறது என்று நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். பின்பக்கக் குளியலறையை ஒட்டிக் குழாய்கள் போகும் ஒடுங்கிய இடைவெளி இருந்து, “அதில் சிம்னிக் குழாயை விட்டுவிடலாம்” என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கீழ்வீட்டுப் புகையும் கழிவறை வாடையும் மேலேறும் வழி அது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் தீச்சுடரிலிருந்து வரும் வாயுக்கள் இல்லை, கசிவுப் பயமும் இல்லை. மாமியாருக்கு அது நிச்சயம் நல்லது. அடி தட்டையான இரும்புத் தோசைக்கல்லும் அதில் வேலை செய்யும். தாளிப்புப் புகையும் நீராவியும் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் ஜன்னல் தேவை குறையும், மறையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர்கள் சமைக்கும் நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியின் உச்சியை விரலால் தடவுங்கள். வீடு முழுக்கப் பழைய வண்ணமாக இருக்க, சமையலறைக் கூரைக்கு மட்டும் புதுவண்ணம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு உரிமையாளரிடம் சொல்லி அடுப்பையும் விசிறியையும் அணைத்துவிட்டு, பால்கனிக் கண்ணாடியை முழுக்கத் திறக்கச் செய்து, சமையலறை வாசலில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நிதானமாக ஒரு திசையில் நகர்ந்தால் இந்த வீட்டுக்கு மூச்சு இருக்கிறது. நேரே மேலே போய்ச் சுருண்டு அங்கேயே நின்றால் ஜன்னல் திறந்தாலும் பெரிய பலன் இராது.

எல்லாம் சரியாக அமைந்தால் வாங்குங்கள். கண்ணாடியைப் பெயர்த்து வெறும் கம்பி வலை போடுவது, 12 சதுர அடி ஜன்னல் திறப்பது, பால்கனிக் கதவின் அடியிலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் தரையோடு காற்றுத் துவாரம் விடுவது, சிலிண்டரைப் பால்கனிக்கு மாற்றிச் செப்புக் குழாய் இழுப்பது ஆகியவற்றுக்கு ஒரு கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் ஒப்புதல் கடிதத்தைப் பத்திரப் பதிவுக்கு முன் உரிமையாளரே பெற்றுத்தர வேண்டும், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள். அவர் அதற்கு உடன்படவில்லை என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.