கிரிக்கெட் மட்டுமே ஆடிய பிள்ளைகளுக்கு பேஸ்பால்: எதில் தொடங்குவது?

வணக்கம் சார். உச்சிப்புளி பக்கம் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் முறையாக பேஸ்பால் சொல்லித் தருகிறீர்கள், கையுறை ஐந்துதான் இருக்கிறது, அடித்ததும் எல்லோரும் மட்டையோடு ஓடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

மட்டைப் பழக்கத்தை முதலில் மாற்றுங்கள். அடித்ததும் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டும். வீசி எறிந்தால் பின்னால் பந்து பிடிக்க நிற்கும் கேட்சர் மேல் படும். இன்னொன்று, கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். இங்கே பந்து இரு பக்கக் கோடுகளுக்கு நடுவே போனால் ஓடியே தீரவேண்டும். ஓடி மிதிக்கவேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். முதல் பேஸை மட்டும் வேகம் குறைக்காமல் மிதித்துத் தாண்டலாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாண்டிப் போனால் பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். இந்த ஓட்டத்தை மட்டும் ஒரு வாரம் பழக்கினாலும் தகும்.

கையுறை எறியாத கைக்கு. ஐந்தையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள், மற்றவர்களுக்கு டென்னிஸ் பந்து போதும். ஹெல்மெட் இல்லாமல் கட்டிப் பந்தில் பேட்டிங் வேண்டவே வேண்டாம்.

பேஸ்களுக்கு இடையே 60 அடி, பந்து வீசும் பிட்சருக்கும் அடிக்கும் இடத்துக்கும் இடையே 46 அடி வையுங்கள். 90 அடி பெரியவர்களுக்கானது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் விதிப்படி ஒரு பிட்சருக்கு ஒரு நாளில் 9–10 வயதுக்கு 75 வீச்சு, 11–12 வயதுக்கு 85 வீச்சுதான் உச்சம். புதிய பிள்ளைகளை அதில் பாதியிலேயே நிறுத்துங்கள், தோள்பட்டை பிஞ்சு.

அப்புறம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உயரப் பந்து எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். அப்போது தரையில் உருளும் பந்தைப் பிடிக்கப் பழக்குங்கள்.