தம்பிக்குக் கிடைக்காத மருந்து

வணக்கம் ஐயா,

போன மாதம் ஒரு இரவு, ஏ9 வீதியில் மாங்குளத்துக்குக் கிட்ட, றோட்டில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி என் தம்பி விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது. இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள், சத்திரசிகிச்சையும் செய்தார்கள். விடியமுன் போய்விட்டான். கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன், "இங்கே என்றால் இரத்தத்தை உறையவைக்கும் உறைவுக் காரணி மருந்து ஏற்றிக் காப்பாற்றியிருப்பார்கள், காசு சேர்த்து வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம்" என்கிறான். ஆயிரம் பேரின் இரத்தத்தில் செய்வது, எயிட்ஸ் வரும் என்று இன்னொருவர் சொல்கிறார். "நாங்கள் கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ" என்று அம்மா அழுதபடி இருக்கிறா. எது உண்மை? அப்பாவும் இதய வால்வுக்காக, இரத்தம் உறையாமல் வைக்கும் வார்பரின் குளிசை குடிப்பவர். அவருக்கு அடிபட்டால் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.)

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நீங்கள் கேட்காததால் தம்பி போகவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நான் மருத்துவர் அல்ல, ஆனால் இரத்த வங்கி ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன். இந்த மருந்துகளைப் பற்றி வந்த பெரிய ஆய்வுகளைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். விபத்தில் இரத்தம் இழந்தவர்களின் சாவை இவை குறைத்ததாக அவற்றில் ஒன்றும் காட்டவில்லை.

நம் பக்கத்தில் முத்திரைப் புடையன் பாம்பு கடித்தவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். விஷம் ஏறியிருந்தால், சாய்த்துப் பார்க்கும்போது தண்ணீர்போல ஓடும். பெரிய விபத்தில் அடிபட்டவரின் இரத்தமும் கிட்டத்தட்ட அந்த நிலைக்குப் போகலாம். உறைவுக்கு வலைநூல் மாதிரி இருப்பது பைபிரினோஜன். அதுதான் முதலில் தீர்ந்துபோகும். உடம்பு குளிர்ந்து, இரத்தத்தில் அமிலமும் கூடினால் மிச்சமிருக்கும் காரணிகளும் ஒழுங்காக வேலை செய்யாது. பாம்புக்கடியில் விஷமுறிவு மருந்து கொடுக்காமல் உறைவுக் காரணியை மட்டும் ஏற்றினால் விஷம் அதையும் தின்றுவிடும். விபத்திலும் அப்படித்தான். கிழிந்த இரத்தக் குழாயை அடைக்கும்வரை, ஏற்றுவது வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

எயிட்ஸ் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1970களிலும் 80களிலும் இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த மருந்துகளாலேயே எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றின. பிரித்தானியாவில் அதற்கான விசாரணை அறிக்கை 2024இல்தான் வந்தது. அவர்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனால் இன்றைய மருந்து சூடாக்கியும், கரைப்பான்களால் வைரஸைக் கொன்றும் தயாராகிறது. கிருமிப் பயம் இப்போது மிகச் சிறியது.

இப்போது பார்க்க வேண்டிய ஆபத்து வேறு: இரத்தம் உறையக்கூடாத இடத்தில் உறைவது. காலில், நுரையீரலில், மூளையில். பிரான்சில் 12 விபத்துச் சிகிச்சை நிலையங்களில் 324 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. நான்கு உறைவுக் காரணிகள் சேர்ந்த புரோத்ரோம்பின் கலவையைப் பெற்றவர்களுக்கும் வெறும் உப்புநீர் பெற்றவர்களுக்கும் ஏற்றிய இரத்தத்தின் அளவில் வித்தியாசமே இல்லை. இரத்தம் உறைந்து குழாய் அடைபடுவது மட்டும் மருந்து பெற்றவர்களில் 35 சதவீதம், மற்றவர்களில் 24 சதவீதம். அதற்கு முன்பே, செயற்கையாகச் செய்த ஏழாம் காரணி என்ற மருந்தைப் பற்றி 2010இல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் தமனி அடைப்பு கூடியிருந்தது, வயதானவர்களில் இன்னும் அதிகம். பைபிரினோஜன் மருந்து இவற்றைவிட நிதானமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதையும் இரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுப்பதே முறை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதில்லை.

ஆகவே சித்தப்பா மகனிடம் பெட்டியில் மருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனுடைய துக்கமும் உண்மையானது, கோபிக்காதீர்கள். ஆனால் வெளியில் வாங்கிய ஊசிமருந்தை, என்ன குளிரில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாமல், எந்த வைத்தியரும் ஏற்றமாட்டார்.

உயிர் காப்பதாக உறுதியாகக் காட்டப்பட்டது, உறைந்த இரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கும் டிரனெக்சாமிக் அமிலம். ஒகமோட்டோ என்ற ஜப்பானியத் தம்பதி 1962இல் கண்டுபிடித்த, விலை குறைந்த மருந்து. 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வந்தது: சாவு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. சின்ன வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் நூறு பேரில் ஒன்றிரண்டு குடும்பங்கள் உங்களைப்போல அழாமல் இருந்திருக்கும். அடிபட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், முந்தக் கொடுத்தால் இன்னும் நல்லது, பிந்தினால் தீமைகூட வரலாம். மாங்குளம் மாதிரி இடத்தில் அந்த மூன்று மணித்தியாலம் எப்படிக் கரையும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 அம்புலன்ஸுக்கு உடனே போன் அடிக்க வேண்டும். வெளிக்காயம் என்றால் சாரத்தைக் கிழித்தாவது மடித்து அழுத்திப் பிடித்து, ஆளைப் போர்த்தி வைக்க வேண்டும். எறிகணைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் கற்றது இது, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். சேர்த்த காசு இருந்தால், தம்பியின் பெயரில் ஊரில் ஒரு இரத்ததான முகாம் வையுங்கள். அன்றிரவு அவனுக்கு ஏற்றிய ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் சும்மா கொடுத்ததுதான்.

அப்பாவின் கதை வேறு. வார்பரின் குடிப்பவருக்குப் பெரிய இரத்தப்போக்கு வந்தால் அந்தப் புரோத்ரோம்பின் கலவை உண்மையிலேயே பயன்படும், விட்டமின் கே ஊசியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அது இல்லாத இடத்தில் பிளாஸ்மா. ஆனால் அவர் வார்பரின் குடிப்பது வைத்தியருக்குத் தெரிந்தால்தானே? கிளினிக் கொப்பியின் முன் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருடைய போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். ஒரு துண்டில் "வார்பரின் குடிக்கிறேன்" என்று எழுதி அவர் பர்ஸுக்குள்ளும் வைத்துவிடுங்கள். தலையில் லேசாக அடிபட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்.