பழைய சீலிங் மேலயே புது போர்டு அடிக்கலாமா? மொதல்ல ஸ்க்ரூ நீளத்தைக் கேளுங்க

கேள்வி: இங்கிலாந்துல ஒரு பழைய டெரஸ் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகள்ல ஒண்ணு) வாங்கியிருக்கோம், 1900 வாக்குல கட்டினதுன்னு சொன்னாங்க. மாடி பெட்ரூம் 4 மீட்டருக்கு 3 மீட்டர், அதுக்கு மேல லாஃப்ட், அதாவது கூரைக்கு அடியில இருக்கிற காலி இடம். சீலிங் முழுக்க விரிசல், ஜன்னல் பக்கத்து மூலையில லேசா தொப்பை போட்ட மாதிரி கீழ இறங்கியிருக்கு. பில்டர் வந்து பார்த்துட்டு, இது லாத் அண்ட் பிளாஸ்டர், இடிச்சா வீடே புழுதியாயிடும், அது மேலயே, கீழ்ப்பக்கத்துல இருந்து, 9.5 எம்எம் பிளாஸ்டர்போர்டை (ஜிப்சம் பலகை) 42 எம்எம் ஸ்க்ரூ போட்டு அடிச்சு ஸ்கிம் பண்ணிடலாம் (சன்னமா பிளாஸ்டர் பூசி மழமழன்னு ஆக்கிடலாம்), ரெண்டு நாள் வேலைங்கிறார். நம்பலாமா, இல்ல மொத்தமா இடிச்சுத் தள்ளிடுறது நல்லதா?

பதில்: மேலயே போர்டு அடிக்கிறது தப்பே இல்லங்க, அங்க பலரும் பண்றதுதான், 9.5 எம்எம் போர்டுலயும் எனக்குச் சண்டை இல்ல. அந்த 42 எம்எம் ஸ்க்ரூதான் இடிக்குது. ஏன்னு புரியணும்னா அந்த சீலிங்குக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் பாக்கணும்.

ஜாயிஸ்ட்னு சொல்ற மர உத்திரத்துக்குக் குறுக்க சன்னமான மரப்பட்டைகளை வரிசையா ஆணி அடிச்சு வச்சிருப்பாங்க, அதுதான் லாத், ஒவ்வொண்ணும் ஒரு இன்ச் அகலம், 6 எம்எம் கனம்னு வச்சுக்கோங்க, நடுவுல விரல் நுனி நுழையாத அளவுக்கு இடைவெளி. சுண்ணாம்பு, மணல், மாட்டு முடியோ ஆட்டு முடியோ கலந்த பிளாஸ்டரை கீழ இருந்து அழுத்திப் பூசும்போது அது அந்த இடைவெளி வழியா பிதுங்கி மேல போய் லாத்துக்கு அந்தப் பக்கம் காளான் மாதிரி மடிஞ்சு உக்காந்துடும். அதுக்கு நிப்புன்னு பேரு. மொத்த சீலிங்கும் அந்த நிப்பு மேலதான் தொங்குது, வேற பிடிமானமே கிடையாது. நூறு வருஷத்துல மேல ஆள் நடந்து, தண்ணி ஒழுகி, யாரோ சுத்தியல் போட்டுத் தட்டி, நிப்பு ஒவ்வொண்ணா உடையும், அப்போ பிளாஸ்டர் தன் கனத்துலயே லாத்தை விட்டு இறங்கும், உங்க மூலைத் தொப்பை அதுதான்.

இப்போ கணக்குக்கு வாங்க. புது போர்டு 9.5, பழைய பிளாஸ்டர் குறைஞ்சது 20, லாத் 6, மொத்தம் 35.5 எம்எம் தாண்டின பிறகுதான் ஜாயிஸ்ட் மரமே ஆரம்பிக்குது. 42 எம்எம் ஸ்க்ரூ போட்டா மரத்துக்குள்ள போறது ஆறரை எம்எம். தொப்பை விழுந்த இடத்துல அதுவும் கிடையாது, ஸ்க்ரூ நுனி காத்துல நிக்கும். ட்ரில்லர் பிடிச்சவருக்கு ஸ்க்ரூ இறுகின மாதிரிதான் தெரியும், ஏன்னா அது லாத்தைப் பிடிச்சிருக்கும், ஆனா லாத்தே நூறு வருஷத் துருப்பிடிச்ச ஆணியிலதான நிக்குது. மரத்துக்குள்ள குறைஞ்சது 25 எம்எம் இறங்கணும், அப்போ 60 தாண்டிடுது, அதனால 70 இல்லேன்னா 75 எம்எம் ஸ்க்ரூ கேளுங்க. பிளாஸ்டர் எவ்வளவு கனம்னு யூகிக்க வேண்டாம், லைட் தொங்குற ரோஸைக் கழட்டினா அந்த ஓட்டையிலயே ஒரு ஸ்கேலை விட்டு அளந்துடலாம், மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டுத்தான்.

எடையும் சும்மா இல்லீங்க. 20 எம்எம் சுண்ணாம்பு பிளாஸ்டர் ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல வரும், உங்க 12 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 380 கிலோ. அதுக்கு மேல 9.5 எம்எம் போர்டு சதுர மீட்டருக்கு ஆறரை கிலோ, ஸ்கிம் ரெண்டு மூணு கிலோ, ஆக இன்னொரு நூத்துச் சொச்சம் கிலோ ஏத்துறீங்க. பழைய பிளாஸ்டர் நாளைக்கு முழுசா விட்டுப்போனாலும் கீழ இருக்கிற போர்டும் ஸ்க்ரூவும் சேர்த்துத் தாங்கணும். இடையில இருக்கிறது எதையும் நம்பாம, புதுசும் பழசும் ஸ்க்ரூ வழியா நேரா ஜாயிஸ்ட்ல தொங்கணும், இந்த வேலையில வேற ரகசியம் எதுவும் இல்ல.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு. சீலிங்ல சுழி சுழியா, விசிறி மாதிரி, மேடு பள்ளமா டெக்ஸ்சர் பூசியிருக்கா? ஆர்டெக்ஸ்னு சொல்வாங்க. பிரிட்டன்ல ஆஸ்பெஸ்டாஸை (மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்கிற நார்) முழுசா தடை பண்ணினது 1999ல, அதுக்கு முன்னாடி பூசின டெக்ஸ்சர்ல அது கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளையடிச்சு மூடியிருந்தாலும் அடியில இருக்கலாம். ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடியே ஒரு துணுக்கு சாம்பிள் லேபுக்குப் போகணும், ரிசல்ட் வர்ற வரைக்கும் சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க, பில்டர் "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது"ன்னு சொன்னா அவர் கண்ணுக்கு மைக்ரோஸ்கோப் கிடையாதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், மேல லாஃப்ட் இருக்கு. கீழ் தளத்து சீலிங்கா இருந்தா ஃப்ளோர்போர்டைப் பெயர்க்காம உள்ள பாக்கவே முடியாது, உங்களுக்கு ஏணி போட்டா போதும். நல்ல மாஸ்க் போட்டுட்டு, ஜாயிஸ்ட் மேல மட்டும் கால் வச்சு, இன்சுலேஷனை ஒதுக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. லாத் இடையில காளான் காளானா நிப்பு முழுசா நின்னா அந்த இடம் இன்னும் உயிரோட இருக்கு. உடைஞ்ச துண்டுகள் கருப்பு தூசியோட குவிஞ்சு கிடந்தா அங்க பிளாஸ்டர் பேருக்குத்தான் ஒட்டிட்டிருக்கு. கீழ இருந்தும் ஒரு டெஸ்ட் பண்ணலாம், விரல்ல தட்டிப் பாக்குறதை விட உள்ளங்கையை விரிச்சு மெதுவா மேல தள்ளிப் பாருங்க, கட்டியா நின்னா சரி, கொஞ்சம் மேல போய்த் திரும்ப இறங்கினா, உள்ள சரசரன்னு மணல் உதிர்ற சத்தம் கேட்டா, அங்க நிப்பு போச்சு, அந்த இடத்தை பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. என் கணக்கு என்னன்னா, வட்டமெல்லாம் சேர்த்து சீலிங்ல கால்வாசிக்கு மேல போனா இடிச்சுடுறதுதான் மேல். அதுக்குக் கீழன்னா போர்டு தாராளமா அடிக்கலாம்.

அந்த மூலையை மட்டும் தனியா கவனிக்கணும். டி மாதிரி ஒரு மர முட்டு செஞ்சு, பலகை வச்சு, கீழ இருந்து மெதுவா தூக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா லாத்துக்கும் பிளாஸ்டருக்கும் நடுவுல உடைஞ்ச துணுக்கு மாட்டியிருந்தா அது மேல போகவே போகாது, பலம் போட்டா பக்கத்துல நல்லா இருக்கிறதும் விரிசல் விடும். அதனால முதல்ல லாஃப்ட்ல இருந்து வேக்யூம் பிடிச்சு சுத்தம் பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க. அப்பவும் ஏறலேன்னா அடம் பிடிக்காதீங்க, அந்தப் பகுதியைச் சுத்தி வெட்டி, பிளாஸ்டரை மட்டும் லாத் வரைக்கும் எடுத்துட்டு, அந்தக் குழியில பிளாஸ்டர்போர்டு துண்டையே ஒரு 9.5, ஒரு 12.5னு ரெண்டு அடுக்கா ஜாயிஸ்ட்ல முடுக்கிட்டா 22 எம்எம் வந்துடும், பழைய மட்டத்துக்குக் கிட்டத்தட்ட சரியாயிடும், மிச்சத்தைச் சன்னமா ஏதாவது வச்சு நிரவிக்கலாம். தொப்பையை அப்படியே வச்சு அது மேல போர்டை வளைச்சு அடிச்சா ஸ்கிம் பண்ணின பிறகும் அந்த வளைவு சாயங்கால வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியும்.

ஜாயிஸ்ட் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுல பாதிப் பேர் கோட்டை விடுவாங்க. எலெக்ட்ரானிக் ஸ்டட் டிடெக்டர் இந்த சீலிங்ல எங்க வச்சாலும் கூவும், ஏன்னா எங்க பாத்தாலும் லாத், எங்க பாத்தாலும் ஆணி. அந்த ஆணியையே நமக்குச் சாதகமா ஆக்கிக்கணும். ஒரு சின்ன பவர்ஃபுல் மேக்னெட்டை மெல்லிசு துணியில சுத்தி சீலிங்ல மெதுவா இழுத்துட்டே வாங்க, டக்குன்னு ஒட்டுற இடம் லாத் ஆணி, கொஞ்சம் தள்ளி அதே நேர்கோட்டுல இன்னொண்ணு ஒட்டும், அப்படி அஞ்சாறு புள்ளி வச்சு ஸ்கேல் போட்டா அதுதான் ஜாயிஸ்ட் லைன். லாஃப்ட் இருக்கிறதால உங்களுக்கு இன்னும் சுலபம், மேல இருந்து ஜாயிஸ்ட்டை ஒட்டினாப்ல ஒரு நீளமான சன்ன ட்ரில் பிட்டை ரெண்டு முனையிலயும் இறக்கிட்டா கீழ தெரிஞ்சுடும், வயர் எதுவும் இல்லேன்னு பாத்துட்டு. பழைய வீட்டுல 400 எம்எம் இடைவெளின்னு எல்லாம் நம்பாதீங்க, ஒண்ணு 350, அடுத்தது 430ன்னு இருக்கும், தச்சர் மூடைப் பொறுத்தது. எங்கயாவது 450 தாண்டினா அப்போ 9.5 விட்டுட்டு 12.5 எம்எம் போர்டுக்குப் போயிடுங்க, கனம் கூடினாலும் பரவாயில்ல.

லைனை சீலிங்ல மட்டும் போட்டு ஏமாந்தவன் நான். முதல் போர்டைத் தூக்கி வச்சதும் போட்ட கோடெல்லாம் அதுக்குள்ள போயிடுச்சு, தலைக்கு மேல ரெண்டு பேர் போர்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, நான் குத்துமதிப்பா ஸ்க்ரூ முடுக்கி, ஒண்ணு விட்டு ஒண்ணு லாத்துக்குள்ள போய் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால கோட்டை ரெண்டு பக்கச் சுவத்துலயும் ஒரு இன்ச் கீழ இறக்கிக் குறிச்சு வைங்க, போர்டு ஏறினதும் நூல் பிடிச்சு மறுபடி கோடு போட்டுக்கலாம்.

ஆணி அடிக்க விடவே விடாதீங்க, சில பழைய ஆளுங்க சுத்தியலை எடுப்பாங்க, ஒவ்வொரு அடிக்கும் மிச்சம் இருக்கிற நிப்பு உடையும். ஸ்க்ரூதான், போர்டு நீளவாக்குல ஜாயிஸ்ட்டுக்குக் குறுக்க போகணும், ரெண்டு போர்டோட முனை சேர்ற இடம் கண்டிப்பா ஜாயிஸ்ட் மேல விழணும், அடுத்த வரிசையில அந்த ஜாயின்ட் தள்ளி வரணும், செங்கல் கட்டுற மாதிரி. முனைகள்ல 150 எம்எம்முக்கு ஒண்ணு, நடுவுல 230 தாண்டாம. ஸ்க்ரூ தலை போர்டு பேப்பரை லேசா குழிச்சு நிக்கணும், பேப்பர் கிழிஞ்சு உள்ள போயிட்டா அந்த ஸ்க்ரூ கணக்குல இல்ல, உள்ள இருக்கிற ஜிப்சம் மாவுக்கு எந்தப் பிடியும் கிடையாது, ரெண்டு இன்ச் தள்ளி இன்னொண்ணு போடுங்க. காஞ்சு இறுகின பழைய பைன்ல நீள ஸ்க்ரூ சில நேரம் தலை முறியும், அதுக்கும் அதே வைத்தியம்.

லைட் வயரைப் பத்தி ரெண்டு வார்த்தை. போர்டைத் தூக்குறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டு வயரை வெளிய இழுத்துக்கணும், அப்புறம் தேடக் கூடாது. ரோஸைக் கழட்டும்போது வயர் மேல ரப்பரோ துணியோ சுத்தின மாதிரி பழசா இருந்தா வேலையை நிறுத்திட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, சீலிங்கை மூடின பிறகு அதை மாத்துறது பெரிய தலைவலி.

ஓரத்துல, சுவரும் சீலிங்கும் சேர்ற இடத்துல, கார்னிஸ்னு அலங்கார வேலைப்பாடு இருந்தா போர்டும் ஸ்கிம்மும் சேர்ந்து 12 எம்எம் வரைக்கும் அதை முழுங்கிடும், அதுக்கு மனசு இருக்கான்னு பாருங்க. வீடு லிஸ்டட் பில்டிங்கா, அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படுற பழைய கட்டடமா இருந்தா கவுன்சில் அனுமதி இல்லாம தொடவே கூடாது. இன்னொண்ணு, லாஃப்டுக்குக் கீழ இருக்கிற சீலிங்ல பாதிக்கு மேல புது லேயர் சேர்த்தா அங்க பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிகளைச் சரிபார்க்கிறவங்க) அதை இன்சுலேஷன் சம்பந்தப்பட்ட வேலையாவே பாக்கும், அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க, எப்படியும் லாஃப்ட்ல மினரல் வூல் 270 எம்எம் இருக்கணும்னுதான் அவங்க சொல்வாங்க, வேக்யூம் பிடிக்க ஏறும்போதே அதையும் பாத்துக்கலாம்.

பழுப்பு வட்டமா தண்ணிக் கறை எங்கயாவது இருந்தா முதல்ல கூரையைப் பாருங்க, ஜன்னல் பக்கத்து மூலைன்னு சொன்னீங்க, அது வெளிச்சுவர் ஓரம், மேல ஓடு நகர்ந்திருக்கோ, மழைத்தண்ணிக் காவாய் அடைச்சு வழியுதோன்னு எனக்குச் சந்தேகம்தான். ஒழுகலை நிறுத்தாம போர்டு போட்டா கறை மட்டும் ஆறு மாசம் மறையும்.

பில்டர்கிட்ட சண்டைக்குப் போக வேண்டாம். "எந்த நீள ஸ்க்ரூ, மரத்துக்குள்ள எவ்வளவு இறங்கும்"னு மட்டும் கேளுங்க, ரோஸ் ஓட்டையில ஸ்கேலை விட்டுக் காட்டி 75 எம்எம் பாக்கெட் வாங்கி வரச் சொல்லுங்க. அளந்து பாத்துட்டு ஒத்துக்கிட்டார்னா அவரையே வச்சு வேலையை முடிங்க. "42 போதும், நான் இருபது வருஷமா போடுறேன்"னார்னா இன்னொரு கொட்டேஷன் வாங்குங்க.