பன்னிரண்டு உளிகளா, மூன்றா?

அன்புள்ள ஐயா,

கைவேலைகள் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் வேலை என்னுடையது. மாலை நேரத்தில் கைக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியதால் மரச்செதுக்கு கற்கலாம் என்றிருக்கிறேன். முதலில் ஒரு மரக்கரண்டி, பிறகு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை, கை பழகியபின் ஒரு பலகையில் இலையும் கொடியுமாகப் புடைப்புச் சிற்பம். இதுதான் திட்டம்.

கருவி வாங்கப் போன இடத்தில்தான் குழம்பிவிட்டேன். 12 உளிகள் அடுக்கிய அழகான மரப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய அதே விலைக்கு இன்னொரு நிறுவனத்தில் ஒரு செதுக்குக் கத்தியும் இரண்டு உளிகளும் மட்டுமே கிடைக்கின்றன. பன்னிரண்டை விட்டுவிட்டு மூன்றை வாங்க மனம் வரவில்லை. உளிகளின் மேல் உள்ள எண்களுக்கு என்ன பொருள்? கையுறை அவசியமா? பழைய உளிகள் கிடைத்தால் வாங்கலாமா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

மூன்றை வாங்குங்கள். மனக்குறை தீராவிட்டால் கூடவே ஒரு தீட்டுக்கல்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியை மறுபடி ஒருமுறை திறந்து, கைப்பிடிகளையும் பெட்டியையும் மறந்து, உளிகளின் வாயை, அதாவது வெட்டும் முனையை, மட்டும் பாருங்கள். இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பவை இவைதான்: நேர்வாய் கொண்ட பட்டை உளி இரண்டு அகலங்களில்; சாய்வாய் உளி ஒன்றோ இரண்டோ; ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாத குழிவு உளிகள் மூன்று நான்கு; வி வடிவ உளி; கழுத்து வளைந்தவை ஓரிரண்டு. எண்ணிக்கை பன்னிரண்டு, உங்கள் வேலைக்கு ஆகும் வடிவங்கள் நான்கோ ஐந்தோ. மற்றவை பெட்டியின் பள்ளங்களை நிரப்ப வந்தவை. நல்ல நிறுவனங்களும் ஐந்தாறு உளிகளைத் தொகுப்பாக விற்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் வேறு வடிவமாக இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்வது எண்ணிக்கையைக் காட்டி விற்கும் பெட்டிகளைப் பற்றி.

ஆனால் பணம் வீணாவது பெரிய விஷயமல்ல. கடையில் இருக்கும்போது அவை பன்னிரண்டு உளிகள். வீட்டுக்கு வந்ததும் அவை தீட்டவேண்டிய பன்னிரண்டு வாய்கள். மலிவான உளிகள் வேலைக்குத் தயாராக வருவதில்லை. சாணைச் சக்கரத்தில் ஒருமுறை காட்டி, மேலே பளபளப்பு ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சக்கரத்தின் கீறல்கள் வாய்வரை ஓடி நிற்பது தெரியும். அதை மரம் வெட்டும் வாயாக்குவது வாங்கியவர் பாடு. செதுக்கக் கற்க வந்தவர் முதல் மாதம் முழுவதும் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால் ஆசை எத்தனை நாள் தாங்கும்? ஆகவே எத்தனை உளிகளை எப்போதும் கூராக வைத்திருக்க முடியுமோ அத்தனைதான் வாங்கவேண்டும். தொடக்கத்தில் அது மூன்றைத் தாண்டாது.

தீட்டுவது எல்லா வடிவங்களுக்கும் ஒன்றல்ல. பட்டை உளி சுலபம். சாய்வை, அதாவது வாயை நோக்கிச் சரிந்திறங்கும் பரப்பை, கல்லில் படியவைத்து முன்னும் பின்னும் இழுத்தால் போதும். குழிவு உளியை இழுக்கும்போதே மணிக்கட்டால் உருட்டவும் வேண்டும். வளைவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சாய்வு முழுவதும் கல்லில் பட்டாகவேண்டும். அதிகம் உருட்டினால் ஓரங்கள் தேய்ந்து வாய் நடுவில் துருத்தும். குறைவாக உருட்டினால் நடு தேய்ந்து ஓரங்கள் கொம்பாக நிற்கும். இப்படித் தீட்டியபின் உட்புறம் பிசிறு திரண்டிருக்கும். அதை எடுக்க ஓரம் உருண்ட சிறு கல் வேறு வேண்டும்.

வி வடிவ உளிதான் எல்லாவற்றிலும் வம்பு பிடித்தது. இரண்டு பட்டை உளிகள் கோணத்தில் ஒட்டிக்கொண்டதாக அதைக் கருதலாம். இரு பக்கங்களையும் ஒழுங்காகத் தீட்டி முடித்தபின், அவை சந்திக்கும் இடத்தில் இரும்பு தடித்திருப்பதால், சின்ன மூக்கு ஒன்று கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை மிகச் சிறிய குழிவு உளியாகப் பாவித்து உருட்டித் தேய்த்து எடுக்கவேண்டும். ஒரு தேய்ப்பு அதிகமானால் மூக்கு இருந்த இடத்தில் பள்ளம் விழும், மறுபடி முதலிலிருந்து. பல ஆண்டுகள் செதுக்கியவர்களே முகம் சுளிக்கும் வேலை இது. உங்கள் முதல் கொள்முதலில் வி உளி வேண்டாம்.

கூர் போதுமா என்று பார்க்க விரல் நகத்தில் வைப்பது, கை ரோமத்தை மழிப்பது என்று பல வழிகள் சொல்வார்கள். மரத்திடமே கேட்பதுதான் நல்லது. மெத்தென்ற மரத்துண்டில் இழைக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டுங்கள். கூரான வாய் போன தடம் மெழுகு பூசியதுபோல் மின்னும். தடம் மங்கலாக, இழைகள் பிய்ந்து நின்றால் இன்னும் தீட்டவேண்டும். தடம் மின்னியும் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு கூடவே ஓடினால், வாயில் அந்த இடத்தில் ஒரு சிறு பல், அதாவது உடைப்பு, விழுந்திருக்கிறது. மரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வெட்டின் மினுமினுப்பு அதோடு போய்விடும்.

இனி எண்கள். நல்ல உளிகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வாயின் அகலம், பெரும்பாலும் மில்லிமீட்டரில். மற்றது வளைவின் எண். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து உளித் தயாரிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட பட்டியலிலிருந்து வந்த வழக்கம் இது. 1 என்றால் பட்டை உளி, 2 சாய்வாய் உளி. 3 ஏறக்குறைய தட்டையான குழிவு. அங்கிருந்து எண் கூடக்கூட வளைவும் கூடி, 9இல் ஏறக்குறைய அரைவட்டம் ஆகிவிடும். 10, 11 இரண்டும் ஆங்கில ‘யு’ எழுத்துப்போல் ஆழமானவை. வி உளிக்கு ஷெஃபீல்டு பட்டியலில் 39. சுவிட்சர்லாந்தின் ஃபைல் (Pfeil) நிறுவனத்திடம் அதுவே 12. ஆகவே இரண்டு நாட்டு உளிகளைக் கலந்து வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பாமல் வாயையும் பார்க்கவேண்டும். பல மலிவுப் பெட்டிகளில் உள்ள எண்ணோ வெறும் வரிசை எண். 7 என்றால் ஏழாவது உளி, அவ்வளவுதான்.

இந்த எண்ணின் பயன் செதுக்கும்போதுதான் புரியும். 7ஆம் எண் உளியைப் பலகையில் செங்குத்தாக நிறுத்தி அழுத்துங்கள். ஒரு வில் விழும். அந்த வில்லின் முனையில் உளியின் அடுத்த ஓரத்தை வைத்து மறுபடி அழுத்துங்கள். இப்படிச் சுற்றிவந்தால் ஒரு முழு வட்டம் கிடைக்கும். திராட்சைமணி, பூவின் நடு, இலையின் மடல் எல்லாம் இப்படி உளியின் வளைவிலிருந்தே பிறப்பவை. ஒன்று கவனியுங்கள்: அதே 7ஆம் எண்ணில் 6 மில்லிமீட்டர் உளி போடும் வட்டமும் 20 மில்லிமீட்டர் உளி போடும் வட்டமும் ஒன்றல்ல. அகலம் கூடினால் வட்டமும் பெரிதாகும். நீங்கள் கொடி வரைந்த தாளை உளியின் வாயோடு வைத்துப் பார்த்து வாங்கினால் எந்தப் பட்டியலும் தேவைப்படாது.

உங்கள் திட்டத்தில் முதல் இரண்டுக்கும் உளியைவிடக் கத்திதான் முக்கியம். பறவைக்கு 4 சென்டிமீட்டர் அலகு போதும்; அலகு குட்டையாக இருந்தால் கட்டுப்பாடு கூடும். கரண்டியின் காம்பைச் சீவ 6 முதல் 8 சென்டிமீட்டர் அலகு வசதி. கரண்டியின் குழிக்கு வளைந்த கொக்கிக் கத்தி என்று ஒன்று உண்டு. அதை இடக்கைக்காரர்கள் கேட்டு வாங்கவேண்டும். வலக்கைக் கத்தி அவர்களுக்கு எதிர்ப்பக்கம் வெட்டும். கொக்கிக் கத்தி இல்லாமல் 7 அல்லது 8ஆம் எண் உளியால் குழி தோண்டவும் முடியும், ஆனால் அப்போது கரண்டியை மேசையோடு இறுகப் பிணைத்தாகவேண்டும்.

புடைப்புச் சிற்பம் வேறு உலகம். அங்கே கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல் வருகிறது. உள்ளங்கையில் குமிழ் அடங்கும் குட்டை உளிகள் கையால் தள்ளுவதற்கானவை. அவற்றின் தலையில் கொட்டாப்புளியால் அடிக்கக்கூடாது. 25 சென்டிமீட்டர் அளவு நீளமுள்ள உளிகள்தான் அடி தாங்கும். நீங்கள் பார்த்த மூன்றில் உள்ள இரண்டு உளிகள் எந்த வகை, எந்த வடிவம் என்று நீங்கள் எழுதவில்லை. 3ஆம் எண்ணில் 12 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று, 7ஆம் எண்ணில் ஏறக்குறைய அதே அகலத்தில் ஒன்று என்றால் யோசிக்காமல் வாங்கலாம். முதலாவது பின்னணியைச் சமன்செய்யும், இலையின் மேற்பரப்பை உருட்டும். இரண்டாவது பள்ளம் பறிக்கும், மடல் வெட்டும். கொடியின் வெளிக்கோட்டைக் கத்தியாலேயே வெட்டிக்கொள்ளலாம். நான்காவதாக என்ன வேண்டும் என்பதைப் பாதி செதுக்கிய பலகை உங்களுக்குச் சொல்லும். அநேகமாக 11ஆம் எண்ணில் 3 மில்லிமீட்டர் கேட்கும்.

‘குரோம் வனேடியம்’ பற்றி. ஸ்பேனர்களிலும் அதையேதான் பொறிக்கிறார்கள். இரும்பில் என்ன கலந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. எப்படித் துவைச்சல் கொடுத்தார்கள், அதாவது எப்படிச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தினார்கள் என்பதைச் சொல்வதில்லை. வாய் நிற்பதும் மடங்குவதும் துவைச்சலில்தான் இருக்கிறது. நல்ல செதுக்கு உளியின் கடினம் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டி இருக்கும். அந்த எண்ணை வெளியிடும் நிறுவனத்தை நம்பலாம். வாங்கியபின் சோதிக்க ஓர் அரம் போதும். வாய்க்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டு ஓரத்தில் அரத்தை மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. தூள் தூளாக இரும்பைக் கடித்து இழுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பகுதியில் நீலநிறம் ஏறியிருந்தால் தொடவே வேண்டாம். சாணைச் சக்கரத்தில் சூடேறித் துவைச்சல் இறங்கிவிட்ட அடையாளம் அது.

தீட்ட 1000 எண் கல் ஒன்று, 4000 அல்லது 6000 எண்ணில் ஒன்று (இங்கே எண் கூடினால் கல் நுண்மையானது), உள்வளைவுக்கு ஒரு உருளை ஓரக் கல், பலகையில் ஒட்டிய தோல், அதில் தடவ பச்சைநிறக் குரோமியம் ஆக்ஸைடு கட்டி. இவ்வளவுதான். தோலில் எப்போதும் பின்னோக்கி மட்டும் இழுங்கள், உளியின் பின்பக்கத்தைத் தூக்காமல். தூக்கினால் வாய் உருண்டுபோகும், மறுபடி கல்லுக்கு ஓடவேண்டும். சாய்வு மெத்தென்ற மரத்துக்கு 20 முதல் 25 பாகை, கடின மரத்துக்கு 25 முதல் 30. செதுக்கும்போது இடையிடையே தோலில் நாலைந்து இழுப்பு இழுத்துவந்தால் கல்லுக்குப் போகும் தேவை வெகுவாகக் குறையும். பழகுவதற்குத் தேக்கை எடுக்காதீர்கள். அதில் உள்ள சிலிக்கா வாயை மழுக்கும். பைன் மரத்தில் வளையத்துக்கு வளையம் மெத்தும் கடினமும் மாறிமாறி வந்து புதியவரின் கையைத் திணறடிக்கும். குமிழ், லிண்டன் போன்ற ஒரே சீரான மரம் கிடைத்தால் நல்லது.

கையுறை மரத்தைப் பிடிக்கும் கைக்கு உதவும், கட்டைவிரலுக்கு ஒரு தோல் உறையும். ஆனால் வெட்டுத் தாங்கும் கையுறை, கத்தி உரசிப்போவதைத்தான் தடுக்கும். உளி நேராகக் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். அதைவிடப் பெரிய காப்பு கிளாம்ப். மரத்தை மேசையோடு பிணைத்துவிட்டு இரண்டு கைகளையும் உளியின் வாய்க்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எந்த விரலும் இல்லாதபோது எதை வெட்டுவது? மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் பெரும்பாலும் கை வழுக்கும்.

பழைய உளிகளைத் தாராளமாக வாங்கலாம், புதிய பெட்டியைவிட எனக்கு அவையே பிடிக்கும். கைப்பிடி பிளந்திருந்தாலும் தலை நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். முதுகுப்புறத்துத் துருவும் பயப்படவேண்டியதல்ல. சாய்வைத் தீட்டும்போது வாயருகே உள்ளது தேய்ந்துபோகும். குழிவின் உட்புறத்தில் துரு தின்ற பள்ளங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். வாய் உருவாவது உட்பரப்பும் சாய்வும் சந்திக்கும் இடத்தில். உளி தேயத்தேய அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்து சேரும். வரும்போதெல்லாம் வாயில் ஒரு பல் விழும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

அன்புடன்